மூலையில் கிடந்த பழைய அவுட்போர்டு மோட்டாரை ஓடவைப்பது எப்படி?

படகின் பின்னால் மாட்டி ஓட்டுகிற பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. யாரோ சும்மா கொடுத்தது, இல்லை படகோடு சேர்ந்து வந்தது, இல்லை அப்பா காலத்தில் ஓடி அப்புறம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஓடுமா என்று பார்க்க ஆசை. உடனே பெட்ரோலை ஊற்றி, கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுக்கத் தோன்றும். தயவுசெய்து இழுக்காதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாத சிலிண்டர் உள்ளே காய்ந்து கிடக்கும், சுவரில் லேசாகத் துரு பூத்திருக்கலாம், அந்த நிலையில் பிஸ்டன் வளையங்கள் உரசினால் கீறல் விழும். கீழே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரமும் (இம்பெல்லர்) கல்லாகக் காய்ந்திருக்கும். நன்றாக இருந்த மோட்டாரை முதல் பத்து நிமிஷத்தில் கெடுத்துவிடலாம், பிறகு “இது ஏற்கெனவே கெட்டுப்போனது” என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போன மோட்டார்கள் ஏராளம், அதுதான் எனக்கு வருத்தம்.

நான் இங்கே பேசுவது கயிறு இழுத்து ஓட்டுகிற, கார்புரேட்டர் வைத்த, சின்ன டூ ஸ்ட்ரோக் மோட்டார்களைப் பற்றி. ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும், என்ன, அதற்கு எஞ்சின் ஆயில் தனி, பெட்ரோலில் கலக்கக் கூடாது.

இந்த மோட்டார்கள் தேய்ந்து சாவதைவிட சும்மா கிடந்து சாவதுதான் அதிகம். அதனால் பெரும்பாலும் கோளாறு சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றினால் அது பெரிதாகிவிடும். எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்), ஸ்பார்க் (தீப்பொறி), பெட்ரோல். ஓடிய பிறகு பிழைத்திருக்க நான்காவதாகத் தண்ணீர் வேண்டும். இந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி எஞ்சின் ஓடிவிட்டால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது, மறுபடி நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன்

படகின் பின்பலகையைக் கவ்வுகிற பிராக்கெட்டில் பெரும்பாலும் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் மாடல் எண், சீரியல் எண். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உதிரிபாகமும் சர்வீஸ் புத்தகமும் அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். ஜான்சன், எவின்ரூட் இரண்டும் பல பத்தாண்டுகள் ஓ.எம்.சி. என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை, ஒரே வருஷத்து ஒரே குதிரைத்திறன் மோட்டார் என்றால் உள்ளே பெரும்பாலும் ஒன்றேதான். ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவால் ஆனது, அந்தப் பெயர்களை வாங்கிய பம்பார்டியரின் வழிவந்த பி.ஆர்.பி. நிறுவனம் 2020இல் எவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் இம்பெல்லர், கார்புரேட்டர் கிட், ஸ்பார்க் உண்டாக்கும் காயில் எல்லாம் வேறு நிறுவனங்கள் செய்து விற்கின்றன. கம்பெனி இல்லை என்பதற்காக மோட்டாரைக் கைவிட வேண்டாம்.

வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கிற தீப்பொறியைத் தேடிப் பிடிக்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஃப்ளைவீலையோ (எஞ்சினின் மேலே சுற்றும் கனத்த சக்கரம்) ப்ரொப்பெல்லர் தண்டையோ தொடுவதற்கு முன் ஸ்பார்க் ப்ளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள். கையால் கொஞ்சம் சுற்றினாலே சில மோட்டார்கள் ஒரு தடவை வெடித்துத் திரும்பும், விரல் போய்விடும்.

கம்ப்ரஷன்

ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக. எதிர்ப்பக்கம் சுற்றினால் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கி முறியும். சுற்றவே வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். துரு விலக்கும் எண்ணெயை விட்டுப் பல நாள் ஊறவையுங்கள், தினம் ஒரு தடவை லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து நகர்ந்தவை உண்டு.

கழற்றிய ப்ளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது ஒரு கடிதம் மாதிரி. எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்துவைத்துப் பாருங்கள். கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை. ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது, சிலிண்டர் மூடிக்கு (ஹெட்) அடியிலுள்ள கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். பீங்கானில் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டனின் அலுமினியம் உருகியிருக்கிறது, செலவு செய்வதற்கு முன் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் கம்ப்ரஷன் கேஜ், ப்ளக் துளையில் மாட்டி அழுத்தத்தை அளக்கும் கருவி. எல்லா ப்ளக்குகளும் வெளியே, வயர்கள் எஞ்சின் உடலில் எர்த் ஆகியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை நாலைந்து தடவை வேகமாகக் கயிறு இழுங்கள். சின்ன மோட்டார்களில் பொதுவாக 90க்கு மேல், 130 பி.எஸ்.ஐ. வரைக்கும் வரும். கேஜுக்குக் கேஜ் கொஞ்சம் வித்தியாசம் காட்டும், அதனால் எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று 105, இன்னொன்று 60 என்றால் வளையம் ஒட்டியிருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம், சிலிண்டரில் கீறல் இருக்கலாம். இந்த ஒரு சோதனையை முதலில் வைத்ததற்குக் காரணம், மேற்கொண்டு பணம் போடலாமா வேண்டாமா என்பதை இதுதான் சொல்லும்.

ஸ்பார்க்

எஞ்சினை அவசரத்தில் நிறுத்துகிற, சிவப்புக் கயிற்றோடு வருகிற கில் ஸ்விட்ச் கிளிப் உள்ள மாடல் என்றால், முதலில் அது அதன் இடத்தில் இருக்கிறதா? அது இல்லாமல் எத்தனை தடவை இழுத்தாலும் ஸ்பார்க் வராது. அது இல்லை என்பதே தெரியாமல் காயில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ப்ளக்கைக் கையில் பிடித்து உடலில் ஒட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், நன்றாக அடிக்கும், துளையிலிருந்து வரும் ஆவியும் பற்றும். விலை குறைந்த ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாயின்ட் (திறந்து மூடும் சின்ன மின்தொடர்பு) வைத்த, காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் பழைய மேக்னெட்டோ என்றால் சுமார் 6 மி.மீ. இடைவெளியை நீலமாக, ‘டப் டப்’ என்ற சத்தத்தோடு தாண்ட வேண்டும். மஞ்சளாக, மெலிதாக, சில சமயம் மட்டும் வந்தால் அது போதாது. அப்படி வெளியே மெலிதாகத் தாண்டுகிற ஸ்பார்க் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாது.

ஸ்பார்க் இல்லையா? ஸ்டாப் ஸ்விட்சுக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் ஸ்விட்சோ வயரோதான் கோளாறு, உள்ளே எதையும் தொட வேண்டாம். (அந்த வயர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிவிடாதீர்கள், நிறுத்த முடியாது.) அப்படியும் வரவில்லை, அதுவும் இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் இல்லை என்றால் காயில்களை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறவில்லை என்றால் அதற்கு முன்னால் இருக்கும் பாகம். காசு செலவில்லாத சோதனை இது.

பாயின்ட் வைத்தவற்றில் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டிவரும். அதற்கு நடுவில் இருக்கும் மூன்று துளைகளில் போல்ட் போட்டு இழுக்கிற புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும், விளிம்பைக் கவ்வி இழுத்தால் ஃப்ளைவீல் வளைந்துவிடும், காந்தம் உதிரும். உள்ளே பாயின்ட் முகங்கள் பெரும்பாலும் மங்கிப்போய்க் கிடக்கும். நைஸான உப்புத்தாளால் தேய்த்து, பிறகு எண்ணெய்ப் பசை இல்லாத ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்தால் சுத்தமாகிவிடும். இடைவெளி பல பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 0.5 மி.மீ., அதாவது 0.020 அங்குலம். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் பாருங்கள். காயிலின் மேல் பூச்சு விண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது ஃப்ளைவீலின் உட்புறமும் தண்டின் முனையும் எண்ணெய் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், சாவி எனப்படும் அந்தச் சின்ன உலோகத் துண்டு நறுக்குப் படாமல் இருக்க வேண்டும். அது கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் ஸ்பார்க் வரும் நேரம் (டைமிங்) தவறி, எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்காது.

பெட்ரோல்

இங்கேதான் பெரும்பாலான கோளாறுகள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பழைய பெட்ரோலை மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை வந்தால் அது பெட்ரோலே இல்லை. முழுக்கக் கொட்டிவிட்டு டேங்கின் அடியைப் பாருங்கள், ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். டேங்கின் குழாயோ அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது.

புதிய பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு மாடலைப் பொறுத்தது. பிற்கால மோட்டார்களில் பெரும்பாலும் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. அதற்கு முந்தைய பலவற்றில் 24 அல்லது 25க்கு 1, லிட்டருக்குச் சுமார் 40 மில்லி. தெரியாவிட்டால் ஆயில் அதிகம் இருப்பது பரவாயில்லை, கொஞ்சம் புகையும், ப்ளக் அழுக்காகும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டி.சி.டபிள்யூ 3 என்று போட்ட படகு மோட்டார் ஆயில்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஆயில் காற்றில் குளிர்கிற, அதிகச் சூட்டில் ஓடுகிற எஞ்சினுக்கானது, இது தண்ணீரில் குளிர்வது.

இப்போது டேங்கின் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? மூடியிருந்தால் எஞ்சின் ஐந்து நிமிஷம் ஜோராக ஓடி, பிறகு மூச்சு முட்டி நிற்கும். அடுத்து ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்ப். அதிலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். பல்பை அழுத்த அழுத்தக் கெட்டியாக வேண்டும், கெட்டியாகி அப்படியே நிற்க வேண்டும். கெட்டியே ஆகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் டேங்க் பக்கத்து கனெக்டருக்குள் இருக்கும் ஓ ரிங்தான். கெட்டியாகாமல் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் மிதவை ஊசி மூடவில்லை.

ஹோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மோட்டார் மெதுவாக ஓடும்போது அருமையாக இருக்கும், த்ராட்டிலைத் திறந்தால் அரை நிமிஷத்தில் இறங்கிவிடும். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினேன், பெட்ரோல் பம்பின் சவ்வை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஹோஸ் வெளியே புதிது போலப் பளபளப்பாக இருந்ததால் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. கடைசியில் கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த மெல்லிய படலம் ஒரு இடத்தில் உரிந்து, வெங்காயத் தோல் மாதிரி ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது பெட்ரோல் அதைத் தாண்டிப் போகும், வேகமாக இழுத்தால் அந்த நாக்கு மடங்கி வழியை அடைத்துவிடும். விரலால் தொட்டதும் பிய்ந்து வந்தது. அன்றிலிருந்து பழைய மோட்டார் வந்தால் ஹோஸ், பல்ப், கனெக்டர் ஓ ரிங் மூன்றையும் பார்க்காமலேயே புதிதாக மாற்றிவிடுகிறேன். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று மேலே சொன்னதற்கு விதிவிலக்கு இது மட்டும்தான்.

எஞ்சின் இறங்கும் நேரத்தில் இன்னொருவரைப் பல்பை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஹோஸ், ஃபில்டர், காற்றுத் துளை. சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் சீராக ஓடினால் கார்புரேட்டருக்குள் ஏதோ ஜெட், அதாவது பெட்ரோல் வரும் நுண்துளை, அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் அசையவில்லை, சூடான பிறகுதான் நிற்கிறது, ஆறியதும் மறுபடி ஓடுகிறது என்றால் காயில் பக்கம் திரும்பிப் போங்கள்.

பெட்ரோல் பம்பில் மோட்டாரோ சக்கரமோ கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் அடியிலுள்ள கிராங்க்கேஸ் அறையில் அழுத்தம் கூடிக் குறைவதை வைத்து ஒரு மெல்லிய சவ்வு துடிக்கிறது, அவ்வளவுதான். சவ்வில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் பெட்ரோல் நேரே கிராங்க்கேஸுக்குள் போய், அந்தச் சிலிண்டர் மட்டும் நனைந்து புகையும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். மெதுவேகத் திருகை வெளியே எடுக்கும் முன் உள்ளே மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். எண்ண மறந்துவிட்டால், பல மாடல்களுக்கு ஒன்றரைச் சுற்று வெளியே என்பது தொடங்க நல்ல இடம், பிறகு ஓடும்போது சரிசெய்துகொள்ளலாம். அடிக்கிண்ணத்தில் பச்சை மாவு, பழுப்புப் பிசின் எல்லாம் இருக்கும். ஸ்பிரே க்ளீனர் அடிப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து நேரே கண்ணுக்கு வரும். அப்படி மறுபக்கம் வருவதுதான் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமும்கூட, ஒவ்வொரு துளைக்கும் அதைப் பாருங்கள். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி விடாதீர்கள், பித்தளை தேய்ந்து துளை பெரிதானால் கலவை என்றைக்கும் சரிவராது. மெல்லிய செம்பு இழை போதும். மிதவை, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் பெரும்பாலும் உடலுக்கு இணையாக நிற்க வேண்டும். பழைய கார்க் மிதவை பெட்ரோலில் ஊறிக் கனத்திருந்தால் புதியது போடுங்கள்.

தண்ணீர்

மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இம்பெல்லரை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்களையும், கியர் கம்பியின் இணைப்பையும் கழற்றினால் அது அப்படியே கீழே இறங்கும். உப்புத் தண்ணீரில் ஓடியது என்றால் அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் இறுகிக் கிடக்கும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக அசைத்துக் கொண்டுவாருங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் தலை துண்டாகி வந்துவிடும், அதற்கப்புறம் அரை நாள் வேலை.

பழைய இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்து அப்படியே விறைத்திருக்கும், நிமிர்த்தினால் அடியில் வெடிப்பு தெரியும். ஒரு இதழ் குறைந்தால் அந்தத் துண்டு மேலே தண்ணீர்க் குழாயில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். புதியதில் கொஞ்சம் கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவி, தண்டைக் கடிகாரத் திசையில் சுற்றிக்கொண்டே மூடியை இறக்குங்கள். பம்ப் மூடியின் உட்புறத்திலும் அடித்தகட்டிலும் ஆழமாகக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். மேலே ஏற்றும்போது செம்புக் குழாய் அதன் ரப்பருக்குள் சரியாக நுழைந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பலருக்கும் தவறுவது இதில்தான். மாற்றிய எல்லா போல்ட்டிலும் படகுக்கான கிரீஸ் தடவிப் போடுங்கள், அடுத்த தடவை கழற்றப் போகிறவர் நீங்கள்தான்.

இதே சமயம் கியர் ஆயிலையும் பார்த்துவிடலாம். அடித்திருகு, மேல்திருகு இரண்டையும் கழற்றினால் வடியும். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் அடித்திருகுக்குப் பக்கத்தில் நட்சத்திரத் தலை வைத்த இன்னொரு திருகு இருக்கும், அதைத் தொடாதீர்கள், உள்ளே கியர் மாற்றும் பாகத்தைப் பிடித்திருப்பது அதுதான். ஆயில் பால் கலந்தது போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: திருகு வாஷரோ, ப்ரொப்பெல்லர் தண்டின் சீலோ. அந்தத் தண்டில் மீன்பிடி நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுப்பது சாதாரணமாக நடக்கும். புதிய ஆயிலை அடித்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

ஒரு பெரிய ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி, பம்ப் மூழ்கும் அளவுக்கு மோட்டாரை இறக்குங்கள். கியர் நியூட்ரலில், காற்றுத் திருகு திறந்து, பல்ப் கெட்டியாக, சோக் போட்டு, கயிறு. பிடித்ததும் சோக்கைத் தள்ளிவிட்டு, முதலில் தண்ணீரைப் பாருங்கள். பின்னால் உள்ள சின்னத் துளையிலிருந்து தாரையாக வர வேண்டும். மிகப் பழைய சில மாடல்களில் அந்தத் துளையே இருக்காது, புகை வரும் துளைகளிலிருந்து சாரல் மட்டும் வரும். அரை நிமிஷத்துக்குள் எதுவும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள், குளவி மண் கூடு கட்டியிருக்கும், உப்பு கட்டியிருக்கும். ஓடும்போது சிலிண்டர் ஹெட்டில் இரண்டு மூன்று விநாடி கை வைக்க முடிய வேண்டும். அதில் தெளித்த தண்ணீர் ‘சுர்’ரென்று பொங்கினால் உடனே நிறுத்துங்கள்.

எல்லாம் சரியாகி, தண்ணீரில் இறக்கினால் எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லையா? எஞ்சினைத் திறக்காதீர்கள். சின்ன மோட்டார்களில் ப்ரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் ஷியர் பின் உடைந்திருக்கும். கல்லிலோ மரத்திலோ மோதினால் கியர் பிழைக்க வேண்டும் என்றுதான் அது உடைகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் ஆணி போட்டு ஓட்டக் கூடாது. பின் இல்லாத மாடல் என்றால் ப்ரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் வழுக்குகிறது. ப்ரொப்பெல்லருக்கும் தண்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், கோடு விலகியிருந்தால் ரப்பர்தான்.

ஓட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் சில நிமிஷம் ஓடவிட்டு, பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு மோட்டாரை நிமிர்த்தியே வையுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் முழுக்க வடியட்டும்.